மஞ்சக்குறி போட்ட கேமரா

இல்லம்மா, நான் தொடமாட்டேன். எடுத்து உன் பையிலயே வெச்சுக்க. திருட்டுச் சாமானுக்கு வேலை பாக்கறதில்லைன்னு ஒரு வைராக்கியத்துலதான் இந்தப் பஜார் மாடியில இத்தனை வருஷம் கடை போட்டு உக்காந்திருக்கேன். போலீஸ்காரன் படியேறி வந்தான்னா நேரா என் கடைக்குத்தான் வருவான். பொம்பள தனியா உக்காந்திருக்கா, ஒரு உருட்டு உருட்டினா ஏதாவது தேறும்னு. அவனுக்கு நீ வேற கையில தூக்கிட்டு வந்து குடுக்கறியா?

கத்தலம்மா. என் குரலே இதுதான்.

எப்படித் தெரியும்னா, தெரியும். இதைப் பறிகொடுத்த வீட்டை எனக்குத் தெரியும். மூடியில இந்தக் கீறல், கீழ்ப்பக்கம் மத்ததெல்லாம் கருப்பு ஸ்க்ரூ, ரெண்டு மட்டும் வெள்ளை. ஊர்ல இருக்கற லேப்டாப்பெல்லாம் ஒரே சாயல்தான், ஆனா இந்த ரெண்டு வெள்ளை ஸ்க்ரூ எல்லாத்துலயும் இருக்காது. ரஷ்யாவுல, வேலைக்குப் போனவங்க தங்கற விடுதியில, தூங்கறப்ப தலைமாட்டுலேருந்து எவனோ தூக்கிட்டான். அப்படித்தான் சொன்னாங்க. இப்ப நீ அதைப் பூப்போட்ட துணியில சுத்தி என் முன்னாடி வெச்சுட்டு, ஏங்க்கா மொறைக்கறீங்கன்னு கேக்கற.

வாங்கலையா? பின்ன வானத்துலேருந்து விழுந்துச்சா?

மாப்பிள்ளை அனுப்பினாரா. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை, அங்கேருந்து வர்ற ஒரு ஆளுகிட்ட குடுத்துவிட்டாரு. சரி. அப்ப அவரு அங்க எந்தத் திருடன்கிட்டயோ மலிவா வாங்கியிருப்பாரு, உனக்கென்ன தெரியும். உக்காரு. உக்காருன்னு சொல்றேன்ல. அந்த ஸ்டூல் ஆடும், செவுத்துல சாஞ்சுக்க.

பேரு என்ன அவருக்கு?

நுமோன்.

நுமோன்னு இந்த ஹூஜண்ட் ஊர்ல தெருவுக்கு நாலு பேரு இருக்கான். எந்த நுமோன்? என்ன வேலை? டைல்ஸ் பதிக்கறவரு. ரஷ்யாவுல, எகாதரின்பர்க்ல. இடது கையில ரெண்டு விரல் மடங்காதோ? சும்மா கேட்டேன். டைல்ஸ் அறுக்கற மெஷின்ல மாட்டினா அப்படித்தான் ஆகும், நிறைய பேருக்கு ஆயிருக்கு. ஆமாவா. ம்.

குடு இப்படி. குடுன்னா குடேன். பாக்கறேன்.

திடீர்னு ஏன் மனசு மாறிச்சுன்னா, மாறிச்சு. பிடிக்கலைன்னா கீழ மூணாவது கடையில ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட போ. போனா வெறும் டப்பாவாத்தான் திரும்பி வரும், உள்ள இருக்கறதையெல்லாம் உருவிட்டு விடுவான். உக்காரு அப்ப. விளக்கை இந்தப் பக்கம் திருப்பு. எனக்குக் கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு இன்னிக்கு.

என்ன கோளாறு? கேமரா வரல. மத்ததெல்லாம் வருது, கேமரா மட்டும் வரல. பொறு, திறக்கட்டும். ஆமா, இதோ வரிசையில ஒண்ணே ஒண்ணு மஞ்சக்குறி போட்டு நிக்குது. அடையாளம் தெரியாத சாதனம். யாரு இதுக்குப் புதுசா விண்டோஸ் போட்டது? சித்தப்பா பையன் கோமில். என்ன பண்றான் அவன்? போனுக்குக் கவர் விக்கிறான். நல்லது. கவர் விக்கறவன் உள்ள ஏன் கைய விட்டான்?

பாஸ்வேர்டு கேட்டுச்சு. மாப்பிள்ளைகிட்ட கேட்டா மறந்துட்டேன்னாரு, உள்ள ஒண்ணுமில்ல, எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுக்கன்னாரு. மறந்துட்டாரா. நாலெழுத்துப் பேரு அது மறந்துடுச்சா. இல்ல, பொதுவாச் சொன்னேன். எல்லாரும் வீட்ல யாரு பேரையாவதுதானே வெப்பாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு நீயும் பாக்கல, அவனும் பாக்கல. ஒரு போட்டோகூட எடுத்து வெச்சுக்கல. சரி. போனது போச்சு.

கைய எடு, மேசை மேல சாயாத. நீ சாஞ்சா ஆடுது.

அப்புறம் என்ன பண்ணினான் கோமில்? கீழ ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் பாத்து, அதுல போட்டிருக்கற மாடல் நம்பரை வெச்சு, கம்பெனியோட தளத்துலேருந்து டிரைவர் சாஃப்ட்வேர் எல்லாத்தையும் இறக்கினான். கேமரா வரல. அதுக்கப்புறம் எல்லா மெஷினுக்கும் ஆகும்னு விக்கறானுங்களே ஒரு டிஸ்க், அதையும் போட்டான். அதான் பாக்கறேனே, வானிலை சொல்றது ஒண்ணு, சீட்டாட்டம் ஒண்ணு, கேட்காமலே வந்து குடியேறியிருக்கு. இருநூறு டிரைவர் உள்ள போயிருக்கும், வேணுங்கறது மட்டும் இருக்காது. ஊருக்கெல்லாம் ஒரே சட்டை தெச்ச மாதிரி. இந்த ஊர்ப் பசங்க எல்லாரும் பண்ற தப்பு இது. ஸ்டிக்கர் என்ன சொல்லுதோ அதுதான் மெஷின்னு நம்பிடறானுங்க. நம்ம பஜார் லேப்டாப்புல ஸ்டிக்கருக்கும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம்? செத்துப்போன மூணு மெஷினைப் பிரிச்சு ஒண்ணு கட்டறோம். கீழ்மூடி ஒரு மெஷினோடது, ஸ்டிக்கர் அந்த மூடியோட வந்தது. போர்டு வேற. கேமரா அதுக்கும் வேற. அந்த கேமரா அந்தக் காலத்துச் சரக்கு, தனக்குன்னு இருக்கற டிரைவர் வந்தாத்தான் கண்ணைத் திறக்கும்.

தனியா ஒரு கேமரா வாங்கி மாட்டிக்கலாமேன்னு கேளு. கேக்க மாட்டியா? சரி, நானே சொல்றேன், தீந்துடுச்சு. இந்தப் பஜார்லயே இல்ல. ஊர்ல ஒவ்வொரு பொண்ணுக்கும் மாப்பிள்ளை ரஷ்யாவுல இருந்தா எத்தனை கேமராதான் வரும். போன்லயே முகம் பாக்கலாமேன்னா, உங்க வீட்ல இருக்கறது பட்டன் போனா, சரி.

அவசரமா? எதுக்கு அவசரம்?

வியாழக்கிழமை நிக்காஹ். இந்த லேப்டாப்புலயா?

இரு, சிரிக்கல. இருமல். இவரு எகாதரின்பர்க்ல உக்காந்திருப்பாரு, நீ இங்க உக்காந்திருப்ப, நடுவுல இதை வெச்சுட்டு மொல்லா ஓதுவாரு. பதிவு ஆபீஸ் சீட்டு கேட்பாரே மொல்லா? அது இல்லாம ஓதினா அவரு தலைக்கில்ல வம்பு. ஓ, சொந்தக்கார மொல்லா. வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. பதிவெல்லாம் மாப்பிள்ளை ஊருக்கு வந்தப்புறம் பாத்துக்கலாம்னாரு. யாரு, மாப்பிள்ளையா மொல்லாவா? மாப்பிள்ளை.

முகம் தெரிஞ்சாத்தான் ஓதுவேன்னு மொல்லா சொல்லிட்டாரா. அது நியாயம். வெறும் குரலை வெச்சு ஓதி ஒரு வீட்ல என்னாச்சு தெரியுமா? அங்க மாப்பிள்ளை வேலைக்குப் போயிட்டான், அவன் அறைக்காரன் சம்மதம் சம்மதம்னு சொல்லிட்டான். யாருக்கு யாரு சம்சாரம்னு ரெண்டு குடும்பம் அடிச்சுக்கிச்சு. அதனால கேமரா வேணும். கேமரா வரலைன்னா வியாழக்கிழமை இல்ல. வியாழக்கிழமை இல்லைன்னா?

நோன்பு வந்துடும். அப்புறம் அவரு வேற ஊருக்கு வேலைக்குப் போயிடுவாரு. அப்புறம் உங்க அம்மா அழுவாங்க. புரியுது, எல்லாத்தையும் ஏன் ஒரே மூச்சுல சொல்ற.

உனக்கு என்ன வயசு? இருபத்தாறா. இத்தனை நாளா எங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க உன்னை? சமைக்கத் தெரியாதா, வாய் நீளமா, என்ன குறை? மொறைக்காத. ஆஸ்பத்திரியில நர்ஸு வேலை பாக்கறவளுக்கு வாய் இல்லாமயா இருக்கும்.

ஓ. முதல்ல ஒரு நிச்சயம் ஆச்சு. அவன் ரஷ்யாக்காரி ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டான். அதுலேருந்து யாரும் வரல. அதைச் சொல்லவேண்டியதுதானே முதல்லயே. நான் பாட்டுக்கு என்னென்னவோ பேசறேன். டீ குடிக்கறியா? ரஹ்மத் அண்ணே, ஒரு கிண்ணம் பச்சை டீ. ஒண்ணு போதும். எனக்கு வேண்டாம்.

நிச்சயத்துக்கு ரொட்டி பிச்சாச்சா? அவங்க பக்கத்துலேருந்து யாரு வந்து பிச்சது? அவங்க அம்மாவேவா. எப்ப? போன மாசம் நவ்ரூஸ் பண்டிகை கழிஞ்சு, சனிக்கிழமை.

இல்ல, ஒண்ணுமில்ல, அன்னிக்கு எங்க தெருவுலகூட ஒரு பெரியம்மா நல்ல துணி உடுத்திட்டு, இஸ்ஃபராவுல துக்கம் விசாரிக்கப் போறேன்னு கிளம்பினாங்க. அது ஞாபகம் வந்துச்சு. கையில ஒரு துணி மூட்டை வேற. துக்க வீட்டுக்கு எதுக்குச் சர்க்கரைக் கட்டின்னு எனக்குக் கேக்கத் தோணல பாரு. விடு. அந்தம்மா நல்லாப் பேசினாங்களா? உன் கையைப் பிடிச்சுக்கிட்டாங்களா? நெத்தியில முத்தம் குடுத்தாங்க. ம். எல்லாருக்கும் குடுக்கமாட்டாங்க. நான் கேள்விப்பட்டதைச் சொல்றேன், மாமியாருங்க பொதுவா.

கேள்வி நிறைய கேக்கறேன்னு தோணுதா? மெஷினைப் பத்தித் தெரியாம டிரைவர் தேட முடியுமா? எங்கேருந்து வந்துச்சு, யாரு கையில இருந்துச்சு, நடுவுல எவன் என்ன மாத்தினான், எல்லாம் தெரியணும். டாக்டர்கிட்ட போனா வாயை மூடிட்டா இருக்க? நீதான் நர்ஸாச்சே, உனக்குத் தெரியாதா.

இப்ப அவருகிட்ட வேற லேப்டாப் இருக்கா? புதுசு வாங்கிட்டாரு. பெருசு. அதனாலதான் பழசை உனக்கு அனுப்பினாரு. நல்ல வருமானம் போல. நல்லது. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்ல ரெண்டு வருஷமா அந்த நாட்டுல சம்பளமே சரியா வர்றதில்லைன்னு சொல்லிட்டிருக்காங்க. ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

அவருக்கு இது முதல் கல்யாணம் இல்லையே? தெரியும்னா, நாப்பது வயசு ஆளு, எப்படி முதல் கல்யாணமா இருக்கும். என்ன சொன்னாரு அவளைப் பத்தி?

தலாக் ஆயிடுச்சு. எப்பவோ. கோவக்காரி. வீடு தங்காதவ. எடுத்ததுக்கெல்லாம் சண்டை. கோவக்காரின்னா சொன்னாரு? இருக்கும். அது உண்மையாத்தான் இருக்கும். ஒரு ஆள் எல்லாத்தையுமா பொய் சொல்லுவான்.

குழந்தைங்க?

இல்லைன்னாரா.

ரஹ்மத் அண்ணே, அந்தப் பாட்டைக் கொஞ்சம் குறைங்க. எனக்கு இங்க எழுத்தைப் படிக்க முடியல. ஆமா, காதுக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருக்கு, எனக்கு இருக்கு. குறைங்க.

இங்க வா. பக்கத்துல வந்து நில்லு. இதைப் பாத்துக்க, உனக்கு நாளைக்கு உதவும். இந்த மஞ்சக்குறி மேல அமுக்கி, விவரம்னு இருக்கற இடத்துக்குப் போனா ஒரு வரி வரும். பாக்க அசிங்கமா இருக்கும், கோமில் மாதிரி ஆளுங்க இதைப் பாத்ததும் மூடிடுவாங்க. இந்த முதல் நாலு எழுத்து, செஞ்சது யாருன்னு சொல்லும். அடுத்த நாலு எழுத்து, செஞ்ச பொருள் என்னன்னு சொல்லும். மேல ஒட்டின ஸ்டிக்கர் என்ன வேணா சொல்லட்டும், கம்பெனி பேரு வேணா மாறட்டும், பெயின்டு அடிக்கட்டும், இந்த எட்டு எழுத்து மாறாது. பொருளே தன் வாயால சொல்றது இது. கேக்கறவங்க சரியான இடத்துல கேக்கணும், அவ்வளவுதான். நீ கேக்கல. உங்க அம்மா கேக்கல. மொல்லாவாவது கேட்டாரா? அவரும் முகம் தெரிஞ்சாப் போதும்னுட்டாரு. முகத்துல என்ன தெரியும்.

நான் கேமராவைத்தான் சொல்றேன். நீ என்ன நினைச்ச?

சரி. இதோ, என் பழைய டிஸ்க்கு. இதுல ஒரு ஃபோல்டர்ல இருக்கு. இந்தா, எடுத்தாச்சு. இல்ல, நெட்டுல தேடவேண்டியதில்ல. இந்த டிரைவர் இப்ப நெட்டுல எங்கயும் கிடைக்காது, அந்தக் கம்பெனியே கடையைச் சாத்திட்டான். தேடியிருந்தா நீ நோன்புப் பெருநாள் வரைக்கும் தேடியிருப்ப. முதல்ல கோமில் போட்டதை எடுக்கணும். எடுத்தாச்சு. சீட்டாட்டத்தையும் எடுத்துட்டேன், உனக்கு வேணுமா? இப்ப மஞ்சக்குறியைக் கையால இந்தக் கோப்புக்குக் காட்டணும், தானாத் தேடுன்னு விடக்கூடாது, தானாத் தேடினா ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லும். ஒரு எச்சரிக்கை வரும், பயப்படாத, பரவாயில்ல போடுன்னு சொல்லணும்.

போச்சு பாரு மஞ்சக்குறி.

மூடிக்கு மேல சின்னதா நீலமா ஒரு வெளிச்சம் வந்துச்சா? அதுதான். உன் முகம் தெரியுது. நல்ல முகம்தான். புருவத்துக்கு உஸ்மா இலைச்சாறு நாளைக்கே போட்டுக்க, வியாழக்கிழமை வரைக்கும் வைக்காத, பச்சையா நிக்கும்.

எப்படி எட்டு எழுத்தைப் பாத்ததும் எடுத்தேன்னா கேக்கற? பாக்கவே வேண்டியதில்ல தங்கச்சி. உனக்குக் காட்டத்தான் பாத்தேன். இந்த கேமராவை இதுல மாட்டினதே நான். இதோட சொந்தக் கேமரா உடைஞ்சுபோயிருந்துச்சு. வேற கம்பெனி மெஷின்லேருந்து இதைப் பிடுங்கி, ஒயரை மாத்திப் பத்தவெச்சு, பொருந்தாததுக்கு ஓரத்தைத் தேச்சு உக்காரவெச்சேன். அவ்வளவு பாடுபட்டுக் கேமரா வெச்சது எதுக்குன்னா, தூர தேசம் போற ஆளு, ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல எல்லாரும் முகம் பாக்கணுமேன்னுதான். கொஞ்ச நாள் பாத்தோம். அப்புறம் லேப்டாப் திருட்டுப் போயிடுச்சு, இனிமே போன்தான்னு சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழமை தவறாம போன் வருது, குறை சொல்லக்கூடாது. போன ஞாயிறுகூட சின்னவளுக்கு ஏழு வாய்ப்பாடு தப்பா வருதுன்னு போன்லயே சொல்லிக்குடுத்தாரு.

வேற ஒண்ணுமில்ல, நுமோன் என் வீட்டுக்காரரு.

உக்காரு, நீ விழுந்துடாத. டீயைக் குடி.

தலாக்கெல்லாம் இல்ல. எனக்கு யாரும் சொல்லல. போன்லயும் சொல்லல, எழுதியும் அனுப்பல. உனக்கு நெத்தியில முத்தம் குடுத்தவங்க என் வீட்லதான் இருக்காங்க, காலையில பால்டீயில ரொட்டியைப் பிச்சுப் போட்டு அவங்க கையில குடுத்துட்டுத்தான் கடைக்கு வந்தேன்.

நீ ஏன் மன்னிப்பு கேக்கற? கேக்காத, எனக்குப் பிடிக்கல. உன் பேரை அவரு சொன்னப்பவே உன்னைத் திட்டித் தீத்துடணும்னு இருந்தேன், அதாவது நீ அவரு பேரைச் சொன்னப்ப. பாதி திட்டியும் ஆச்சு. மீதி உனக்கில்ல.

கேளு. கேமரா வேலை செய்யுது. கூலி வேண்டாம். இப்பவே துணியில சுத்தி எடுத்துட்டுப் போனா வியாழக்கிழமை மொல்லா முன்னாடி வைக்கலாம், முகம் நல்லாத் தெரியும். ரெண்டாவதாப் போறோம்னு தெரிஞ்சே போறவங்க இருக்காங்க, அது உன் இஷ்டம். நான் வந்து உன் வீட்டு வாசல்ல நின்னு கத்தமாட்டேன். கதவு திறந்துதான் இருக்கு.

இல்லைன்னா இங்கயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாப்போம். மாட்டின கேமராவைச் சோதிக்காம நான் யாருக்கும் குடுத்ததில்ல.

போகலையா?

சரி. அப்ப நீயே அமுக்கு. உன் பேருலேருந்து போனாத்தான் எடுப்பாரு. இந்நேரம் சாப்பாட்டுக்கு இறங்கியிருப்பாரு. ரிங் போகுது. தலைத்துணியைச் சரிபண்ணு, எதுக்கு அழுத மூஞ்சியோட. இன்னும் கொஞ்சம் என் பக்கம் நெருங்கி உக்காரு, சின்னக் கண்ணு இது, தள்ளி இருந்தா ஒருத்தர்தான் விழுவோம்.

எடுத்துட்டாரு.

நுமோன், படம் எப்படி இருக்கு? ரெண்டு பேரும் தெளிவாத் தெரியறோமா?